கௌபாய் வேஷத்துக்குப் பொம்மை ரிவால்வர்: கேள்வி பதில்

கேள்வி: சார், பொம்மைத் துப்பாக்கி எதுவானால் என்ன? தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியுமா?

மேடையில் தெரியாது, போட்டோவில் தெரியும். கடைக்குப் போகும் முன் உங்கள் கௌபாய் எந்த வருடத்து ஆள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம் என்றால் கோல்ட் 1851 நேவி, கோல்ட் 1860 ஆர்மி, ரெமிங்டன் ஆகியவை பொருந்தும். மூன்றிலும் பேரலுக்கு (குழலுக்கு) அடியில் குண்டை அழுத்தி இறக்கும் நெம்புகோல் இருக்கும். இரண்டு கோல்ட்டிலும் சிலிண்டருக்கு (குண்டு போடும் சுழல் உருளைக்கு) மேலே பட்டை கிடையாது, ரெமிங்டனில் உண்டு. 1873க்குப் பிந்திய ஆள் என்றால் 'பீஸ்மேக்கர்' என்று பெயர் வாங்கிய கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. கௌபாய்ப் பொம்மைகளில் பெரும்பாலானவை இதைப் பார்த்துச் செய்தவைதான். ஆகவே கதையை 1875-1890க்குள் வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

கேள்வி: அண்ணா, ஆன்லைனில் படத்தை மட்டும் பார்த்து வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நீளம். அசல் பீஸ்மேக்கரில் பேரல் மூன்று அளவு: 4¾, 5½, 7½ அங்குலம். துப்பாக்கியின் மொத்த நீளம் முறையே ஏறக்குறைய 10¼, 11, 13 அங்குலம் வரும். 8 அங்குலப் பொம்மை குழந்தைக் கைக்குச் செய்தது. பெரியவர் இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி தொங்கும்.

அடுத்தது வலப்பக்கம். விற்பவர்கள் பெரும்பாலும் இடப்பக்கப் படத்தைத்தான் போடுவார்கள், வலப்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பேரலின் கீழ் வலது ஓரமாக, காலித் தோட்டாவைத் தள்ளும் கம்பியின் குழாய் ஓட வேண்டும். சிலிண்டருக்குப் பின்னால் தோட்டா போடும் சிறு கதவு இருக்க வேண்டும். அசையாவிட்டாலும் வார்ப்பில் அதன் வடிவமாவது தெரிந்தால் போதும்.

மூன்றாவது, சிலிண்டரின் ஓட்டைகளை முன்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். பீஸ்மேக்கர் ஆறு குண்டு. பொம்மையில் போடும் பிளாஸ்டிக் வளையக் கேப் (பொட்டு வெடி) 8 வெடியாகவோ 12 வெடியாகவோ வரும், அதற்கேற்ப எட்டு ஓட்டை போட்ட சிலிண்டர்களும் உண்டு. சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வருகிறதா? ஒதுக்கிவிடுங்கள். கோல்ட்டில் அந்த அமைப்பு வந்ததே 1889இல்தான்.

கேள்வி: என்னிடம் இருப்பது நடுவில் மடங்கித் திறக்கிறது. தப்பா?

பீஸ்மேக்கர் மடங்காது. கேப் வளையத்தை மாட்டுவதற்காகப் பொம்மைக்காரர்கள் செய்த வசதி அது. மடங்கும் அசல் வேண்டுமென்றால் 1870இல் வந்த ஸ்மித் & வெஸ்ஸன் மாடல் 3 இருக்கிறது, ஆனால் அதன் உருவமே வேறு. மூடி வைத்திருந்தால் இணைப்புக்கோடு மட்டும்தான் தெரியும். யார் முன்னாலும் திறந்து காட்டாதீர்கள்.

கேள்வி: பளபள வெள்ளி நிறம், மாட்டுத்தலை பொறித்த வெள்ளைக் கைப்பிடி. மாற்றலாமா?

நிக்கல் முலாம் அந்தக் காலத்திலேயே உண்டு, உடம்பை அப்படியே விடுங்கள். கண்ணை உறுத்துவது பிளாஸ்டிக் கைப்பிடிதான். திருகைக் கழற்றி, 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து மாட்டுத்தலையை மழுக்குங்கள். மங்கலான பழுப்பு பெயின்ட் ஒரு கோட். காய்ந்ததும், ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் கரும்பழுப்பை நீளவாக்கில் இழுத்தால் வால்நட் மரத்தின் ரேகை வந்துவிடும். மேலே அரைப் பளபளப்பு வார்னிஷ். பிளாஸ்டிக்கைத் தேய்க்காமல் அடித்த பெயின்ட் வியர்வைக் கையில் உரிந்து வரும்.

கேள்வி: முனையில் இருக்கும் ஆரஞ்சு நிறத்தைச் சுரண்டிவிடலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கிக்கு 1989 முதல் கட்டாயமான அடையாளம் அது. சுடாத பழங்கால மாடல் நகல்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் தெருவில் எதிரே வரும் போலீஸ்காரருக்குப் பொம்மையா, நிஜமா என்று எட்ட நின்று எப்படித் தெரியும்? உறைக்குள் போனால் முனை தானாக மறைந்துவிடும், மறைக்க வேறு வழி எதற்கு? விமானத்தில் போவதானால் கைப்பையில் வைக்காதீர்கள்.

கேள்வி: உறை எப்படி இருக்க வேண்டும்?

பெல்ட்டிலிருந்து தாழத் தொங்கி, தொடையில் கயிறு கட்டும் உறை 20ஆம் நூற்றாண்டு சினிமாவின் சொத்து. 1870களுக்குப் பிந்திய கௌபாய்க்கு மெக்ஸிகன் லூப் உறைதான் சரி. உறையின் பின்தோல் மேலிருந்து மடிந்து இறங்கும், அதில் வெட்டிய வளையங்களுக்குள் உறை செருகி நிற்கும். பெல்ட் இடுப்பிலேயே இருக்கும். ராணுவ வேஷம் என்றால் மேலே தோல் மூடி உள்ள உறை.

பெல்ட்டில் வைக்கப் பொய்த் தோட்டா வேண்டுமா? 12 மி.மீ. மரக்குச்சியை 40 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். அடியிலிருந்து 33 மி.மீ. வரை பித்தளை நிறம், மீதி நுனியை உருட்டித் தேய்த்து ஈயச் சாம்பல். நுனிக்குச் செம்பு நிறம் அடித்தால் காலம் இடிக்கும்.

கேள்வி: பத்து நாள் கேப் வெடித்ததும் ஹேமர் (கேப்பை அடிக்கும் சுத்தியல்) இறுகிப்போகிறது, ஏன்?

கேப்பில் இருக்கும் குளோரேட் எரிந்தால் மிஞ்சுவது உப்பு. அது ஈரத்தை இழுத்து ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். நம்மூர்ப் பொட்டு வெடித் துப்பாக்கி அடுத்த தீபாவளிக்குள் இறுகுவதும் இதனால்தான். எண்ணெயை மட்டும் விட்டால் உப்பு கரையாது. வெடித்த அன்றே வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்தி, ஹேமர் அச்சில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.