முடி நடும் முன் பின்மண்டையைக் கணக்குப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. மூன்று ஆண்டுகளாக நெற்றி இரு பக்கமும் ஏறிக்கொண்டே போகிறது. உச்சியிலும் தோல் தெரிகிறது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் முழு வழுக்கை. ஒரு மையத்தில், ‘ஒரே நாளில் 5,000 கிராஃப்ட் வைத்து எல்லாவற்றையும் மூடிவிடலாம்’ என்கிறார்கள். அடுத்த ஆண்டு கல்யாணம். செய்துகொள்ளலாமா?

பதில்: 5,000 வேண்டாம். உச்சியை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். முன்பக்கத்துக்கு மட்டும், அதுவும் மருந்து எடுத்துப் பார்த்த பிறகு, யோசிக்கலாம்.

முடி மாற்று சிகிச்சையில் புதிதாக ஒரு முடிகூட உருவாவதில்லை. முன்னந்தலை வேர்க்கால்களைச் சுருக்கும் டி.எச்.டி. ஹார்மோன், பின்மண்டை வேர்க்கால்களை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அவற்றை எடுத்து முன்னால் நட்டாலும் அந்தக் குணம் மாறாது. சிகிச்சை பலிப்பது இதனால்தான். ஆனால் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. கிராஃப்ட் என்பது ஒன்று முதல் நான்கு முடிகள் கொண்ட ஒரு கொத்து. பின்மண்டையில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 65 முதல் 85 கொத்துகள் இருக்கும். பார்த்தால் தெரியாத அளவில் வாழ்நாள் முழுக்க எடுக்கக்கூடியது பலருக்கு 4,000 முதல் 6,000 வரைதான். அந்தக் கையிருப்பு முழுவதையும் 26 வயதில், ஒரே நாளில் தீர்க்கச் சொல்கிறார்கள்.

உங்கள் குடும்ப வரலாற்றைப் பார்த்தால், 40 வயதுக்குள் இன்னும் நிறைய கொட்டலாம். அப்போது உச்சியில் நட்ட முடி மட்டும் தீவு மாதிரி நிற்கும், சுற்றிலும் வழுக்கை வளையம். அதை நிரப்பக் கையிருப்பும் இருக்காது. முன்பக்கம் அப்படியல்ல. சுமார் 50 சதுர சென்டிமீட்டர் பரப்பில், சதுர சென்டிமீட்டருக்கு 40 வீதம் வைத்தால் 2,000 கிராஃப்ட். முகத்தின் தோற்றம் மாற அது போதும். முன்வரிசையைப் பள்ளிக்கூட வயதில் இருந்த உயரத்துக்கு இறக்கச் சொல்லாதீர்கள். புருவ மத்தியிலிருந்து 7-8 செ.மீ. மேலே, ஓரங்களில் கொஞ்சம் ஏற்றம் விட்டு வரைந்தால்தான் 50 வயதிலும் பொருந்தும்.

முதலில் தோல் மருத்துவரிடம் போய், இது பரம்பரை வழுக்கைதானா என்று உறுதி செய்யுங்கள். டெங்கு, டைஃபாய்டு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவது தானாகவே திரும்பும். புழுவெட்டு தீவிரமாக இருக்கும்போது நடுவது வீண். பரம்பரை வழுக்கைதான் என்றால், வழக்கமாகத் தருவது தலையில் தடவ 5 சதவீத மினாக்சிடில் 1 மி.லி. இரு வேளையும், ஃபினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரை தினமும். மினாக்சிடில் தொடங்கிய சில வாரங்களில் கூடுதலாகக் கொட்டும்; பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரியக் குறைந்தது ஆறு மாதம் ஆகும். ஃபினாஸ்டரைடு சிலருக்குப் பாலுறவு நாட்டத்தைக் குறைக்கும், மனச்சோர்வு தரும், சிலருக்கு விந்தணுவின் தரத்தையும் பாதிக்கும். கல்யாணம் நெருங்குவதால் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நட்ட பிறகும் மருந்து தேவைப்படும். நடாத பழைய முடி தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டேதான் இருக்கும்.

இன்று அதிகம் நடப்பது எஃப்.யு.இ. முறை. தலையை ஒட்ட வெட்டி, 0.8 முதல் 1 மி.மீ. துளைக்கருவியால் ஒவ்வொரு கொத்தாக எடுப்பார்கள். தோலுக்கு வெளியே முடி சாயும் கோணமும் உள்ளே வேர் போகும் கோணமும் ஒன்றல்ல. கை தவறினால் வேர் நடுவில் வெட்டுப்படும். எடுத்த கொத்து காய்ந்தாலும் போயிற்று. குளிர்ந்த சலைனிலேயே இருக்க வேண்டும். ஆழமாக நட்டால் குழி விழும், மேலாக நட்டால் வெளியே வந்துவிடும். முன்வரிசையில் ஒற்றை முடிக் கொத்துகளையே வைக்க வேண்டும். இரட்டை, மூன்று முடிக் கொத்துகளை அங்கே வைத்தால் பொம்மைத் தலை ஆகிவிடும்.

மரத்துப்போகும் ஊசியை யாரும் விசாரிப்பதில்லை. அதில் இருக்கும், அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் மருந்தின் உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 7 மி.கி. எடை 70 கிலோ என்றால் 490 மி.கி., அதாவது 2 சதவீத மருந்தில் 24 மி.லி. கிராஃப்ட் எண்ணிக்கையும் நேரமும் கூடக்கூட ஊசியும் கூடும். 2016-இல் சென்னையில் முடி மாற்று சிகிச்சைக்குப் பின் ஒரு மருத்துவ மாணவரே இறந்துபோனார். ‘ஊசி போட்டபின் மருத்துவர் கடைசிவரை அறையில் இருப்பாரா, ஆக்ஸிஜனும் அவசர மருந்தும் உண்டா?’ என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது போதாது என்று தெளிவாகவே சொல்கிறது. பிளாஸ்டிக் சர்ஜனோ, முறையாகப் பயின்ற தோல் மருத்துவரோதான் செய்ய வேண்டும்.

முடிந்தபின் சில இரவுகள் தலையை உயர்த்திப் படுங்கள். மூன்றாம் நாள் வாக்கில் நெற்றி வீங்கிக் கண்வரை இறங்கலாம், பயப்பட வேண்டாம். பக்குகளைச் சுரண்டாதீர்கள்; பத்து நாளுக்குள் உதிரும். பிறகு நட்ட முடியும் இரண்டாம் வாரம் முதல் கொட்டும், வேர் உள்ளேதான் இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, முழு உருவம் வர ஓராண்டு ஆகும்.

ஆக, மருந்துக்கு ஆறு மாதம், முளைக்க ஓராண்டு: கல்யாணத்துக்குள் இது முடியாது. அவசரப்பட்டு இரண்டு மாதத்துக்கு முன் செய்தால், ஃபோட்டோவில் இப்போதைவிட மோசமாகத் தெரிவீர்கள். அன்றைக்கு ஹேர் ஃபைபர் தூள் போதும். இருக்கிற முடியில்தான் அது ஒட்டும், எனவே உச்சியில் மட்டும் தூவுங்கள். நெற்றி ஓரத்தில் போட்டால் மண்டபப் புழுக்கத்தில் வழிந்து பட்டுச்சட்டையில் இறங்கிவிடும்.