முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் கிழிந்தால் ஒரு கால்பந்து வீரரின் கதை முடிந்ததுதானா?

1962 என்றால் முடிந்ததுதான். 1992 என்றால் இல்லை. நான் சொல்லப்போகும் இரண்டு காயங்களுமே இங்கிலாந்தில், அதுவும் டிசம்பர் 26-ஆம் தேதியே நடந்தவை என்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் ஆள் பிரையன் கிளஃப். 1979, 1980 என்று அடுத்தடுத்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்த மேனேஜராகத்தான் பலருக்கும் அவரைத் தெரியும். அதற்கு முன்னால் அவர் பயங்கரமான ஸ்ட்ரைக்கர். மிடில்ஸ்பரோ, சண்டர்லேண்ட் என்று இரண்டே அணிகள். 274 லீக் ஆட்டங்களில் 251 கோல். கிட்டத்தட்ட எல்லாமே இரண்டாம் டிவிஷனில் அடித்ததுதானே என்பார்கள். இருக்கட்டும், அங்கே ஆடிய மற்றவர்கள் ஏன் அடிக்கவில்லை?

1962 டிசம்பர் 26, பரி அணியோடு ஆட்டம். தரை உறைந்து கிடந்தது. பந்தைத் துரத்திப் போனவர் எதிரணி கோல்கீப்பர் மீது மோதி விழுந்தார், முட்டி லிகமென்ட் அறுந்தது. வயது 27. ஒன்றரை வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டி 1964-இல் திரும்பி வந்தார். மூன்று ஆட்டம், ஒரு கோல். அதோடு சரி.

சரியாக முப்பது வருடம் கழித்து அதே தேதியில், லீட்ஸ் அணிக்கு எதிராக, பிளாக்பர்னின் ஆலன் ஷியரருக்கும் அதே லிகமென்ட் போனது. அந்த சீசனின் மிச்சத்தை வீட்டில் கழித்தார். அடுத்த சீசனில் 31 லீக் கோல், 1995-இல் சாம்பியன் பட்டம், 2006 வரை ஆட்டம்.

நடுவில் மாறியது அறுவை சிகிச்சை. முட்டிக்குள் குறுக்காக ஓடும் இந்த லிகமென்ட் அறுந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டாது, தைத்தாலும் நிற்பது கடினம். அதனால் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, புது லிகமென்டாகவே பொருத்திவிடுகிறார்கள். இன்று மதுரையிலேயே சின்னத் துளை வழியாகச் செய்கிறார்கள்.

அப்படியும் நம்மூர்ப் பையன்கள் ஏன் திரும்பி வருவதில்லை? ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் எங்களோடு ஆடிய ஓர் அண்ணன், சென்னை லீக்கில் ஒரு கிளப்புக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆடப் போனார். முதல் சீசனிலேயே முட்டி போனது. ஊருக்கு வந்து நாட்டுக்கட்டு போட்டார், எண்ணெய் தேய்த்தார், வீக்கம் வற்றியது. "நேரா ஓடுனா ஒண்ணுமே தெரியலடா" என்றார். இந்தக் காயத்தின் சூதே அதுதான். நேராக ஓடும்போது முட்டி சமாளித்துக்கொள்ளும். சட்டென்று திரும்பினால்தான் காலை வாரும். பொங்கலுக்கு மேலூர்ப் பக்கம் ஒரு செவன்ஸில், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில், இறங்கினார். சட்டென்று ஒரே ஒரு திருப்பம். இந்த முறை முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்தது.

அப்புறம் ஆபரேஷன் நடந்தது, நன்றாகவே நடந்தது. அதற்குப் பிறகு குறைந்தது ஒன்பது மாதம் பிசியோதெரபி வேண்டும். அந்த ஒன்பது மாதம் வீட்டில் யார் அரிசி வாங்குவது? கிளப் அதற்குள் வேறு விங்கரைப் பிடித்துவிட்டது. மூன்றாம் மாதமே அண்ணன் தெற்கு மாசி வீதியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நாள் முழுக்க நின்றே விற்க வேண்டும், பயிற்சி நின்றுபோனது. ஷியரருக்கு டாக்டர் மட்டும் கிடைக்கவில்லை, மாதாமாதம் சம்பளமும் வந்தது. என்னைக் கேட்டால் பாதி வித்தியாசம் அங்கேதான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால், வீக்கம் வற்றியதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். முதலில் எம்ஆர்ஐ எடுங்கள். ஆபரேஷன் என்றால் கட்டணம் கேட்கும்போதே பிசியோவுக்கு எத்தனை மாதம், எவ்வளவு என்றும் கேட்டு, அந்தப் பணத்தையும் தனியாக எடுத்து வையுங்கள். ஒன்பது மாதம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் பூட்ஸ் கட்ட விடாதீர்கள். அடிபட்ட காலால் ஒற்றைக் காலில் தாண்டும் தூரம், நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வருகிறதா என்று பிசியோ அளந்து பார்ப்பார். வரவில்லையென்றால் பொங்கல் செவன்ஸை வேடிக்கை பார்க்கட்டும்.