யார் கழுத்துக்கு அந்தக் கயிறு?

கேள்வி: போதைப்பொருள் கடத்துகிற அத்தனை பேரையும் சிங்கப்பூரைப் போலத் தூக்கில் போட்டால் இந்தத் தொழில் ஒரே வருடத்தில் ஒழிந்துவிடுமே! நாம் ஏன் தயங்குகிறோம்?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: தயங்கவில்லை. பெரிய அளவில் மறுமுறை பிடிபடுபவருக்கு மரண தண்டனை விதிக்க நம் சட்டத்தில் 1989 முதலே இடமிருக்கிறது. கயிறு தயாராகத்தான் தொங்குகிறது. அதில் யார் கழுத்து மாட்டுகிறது என்று பாருங்கள்.

நீங்கள் சொன்ன சிங்கப்பூருக்கே வருகிறேன். அங்கே 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரணம். ஈப்போவைச் சேர்ந்த மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல் எல்லைச் சாவடியில் பிடிபட்டபோது அவருக்கு வயது சுமார் இருபது. தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் இருந்தது 42.72 கிராம். அவருடைய அறிவுத்திறன் அளவு (ஐ.க்யூ.) 69தான் என்று வாதாடியும் பயனில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிட்டார்கள். பொட்டலம் கட்டி அனுப்புகிறவனுக்கு இதில் என்ன நஷ்டம்? அவனுக்கு இன்னொரு தொடை கிடைக்கும்.

இனி ஒரு பெரிய இடம். மெக்சிகோவின் சினலோவா கும்பலும் ஒரு கொலம்பியக் கும்பலும் எச்.எஸ்.பி.சி. வங்கி வழியாகக் குறைந்தது 88.1 கோடி டாலரை வெள்ளையாக்கின என்று 2012 டிசம்பரில் அமெரிக்க அரசு அறிவித்தது. வங்கியும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. மெக்சிகோவில் பணம் கட்ட வந்தவர்கள், கவுண்ட்டர் ஜன்னலுக்குள் கச்சிதமாக நுழையும்படி பெட்டி செய்து, அதில் நோட்டுகளை அடுக்கிக் கொண்டுவந்தார்களாம். நம் ஊரில் அப்போதே ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கட்டப் போனால் பான் எண் கேட்டார்கள்!

தண்டனை? மொத்தம் 192 கோடி டாலர். முந்தைய ஆண்டில் அந்த வங்கி வரிக்கு முன் ஈட்டிய லாபம் சுமார் 2,190 கோடி டாலர். ஐந்து வாரச் சம்பாத்தியம்கூட இல்லை. ஓர் அதிகாரிகூடச் சிறைக்குப் போகவில்லை. குற்ற வழக்குப் போட்டால் வங்கியின் அமெரிக்க உரிமம் பறிபோகும், நிதி அமைப்பே ஆட்டங்காணும் என்று விளக்கம் சொன்னார்கள். நாகேந்திரன் செத்தால் எந்த அமைப்பும் ஆடாது.

(1865இல் ஹாங்காங்கில் இந்த வங்கியைத் தொடங்கக் கூடியவர்களில் அபின் வியாபாரிகளும் உண்டு. அந்தத் தீவு பிரிட்டன் கைக்குப் போனதே அபின் போரினால்தான். அந்த அபினில் பெரும்பகுதி பீகாரிலும் காசிப் பக்கத்திலும் விளைந்து, கும்பினியாரால் (கிழக்கிந்தியக் கம்பெனியால்) கல்கத்தாவில் ஏலம் விடப்பட்ட சரக்கு. பழைய உறவு!)

நீங்கள் கவனிக்காத இன்னொரு கணக்கு விலை. கொக்கைன் தயாரிக்கப் பயன்படும் கோக்கா இலையைப் பறிக்கும் கொலம்பிய விவசாயிக்கு, அமெரிக்கத் தெருவில் சரக்கு விற்கும் விலையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு தேறினால் அதிகம். மீதி, வழிநெடுக ஏறிக்கொண்டே போகும் ஆபத்துக் கூலி. தண்டனையைக் கடுமையாக்கினால் அந்தக் கூலியும் ஏறும், தப்பிப் பிழைத்தவனின் லாபமும் ஏறும். 2022 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் தாலிபான் அபின் சாகுபடியைத் தடை செய்தது. நீங்கள் கேட்கிற கண்டிப்புக்கு அதைவிட உதாரணம் வேண்டாம். மறு ஆண்டே சாகுபடி 95 சதவீதம் சரிந்தது என்கிறது ஐ.நா. விவசாயிகளின் அபின் வருமானம் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடிக்கு விழுந்தது. விலையோ எகிறியது. பழைய இருப்பைப் பதுக்கி வைத்திருந்த வியாபாரிக்குத் தீபாவளி.

கடத்துகிறவனை மாலை போட்டு வரவேற்கச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியை ஜன்னல் வழியே வாங்கி எண்ணிய இடத்திலிருந்து விசாரணையைத் தொடங்குங்கள் என்கிறேன். அமெரிக்காவில் நடந்தது வேறு. ஐந்து ஆண்டுகள் ஒழுங்காக நடந்துகொண்டால் வழக்கைக் கைவிடுவதாக வங்கியோடு ஒப்பந்தம் போட்டார்கள். அது 2017 டிசம்பரில் முடிந்தது. அப்போது நாகேந்திரனுக்குத் தண்டனை விதித்து ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன. சிங்கப்பூரின் சாங்கி சிறையில் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.