அமெரிக்க ரெசிடென்சிக்கு 150 இடங்களில் விண்ணப்பித்தால் வாய்ப்பு கூடுமா?

கேட்டிருப்பவர் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு, இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே பெறும் சிறப்புப் பயிற்சிக்கு, அமெரிக்காவில் முயற்சி செய்கிறவர். சீனியர்கள் 150, 200 போடச் சொல்கிறார்களாம். நான் இங்கே அமெரிக்காவில் இந்தப் பயிற்சியைத் தரும் ஒரு புரோகிராமில் விண்ணப்பங்களைப் படிக்கும் குழுவில் இருக்கிறேன். அங்கிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. எல்லாவற்றையும் படிக்க ஆள் கிடையாது. அதனால் முதலில் ஃபில்டர் போடுவார்கள்: விசா வேண்டுமா, படிப்பு முடித்து எத்தனை வருடம், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2-வில் மதிப்பெண் எவ்வளவு. 2022 ஜனவரியில் ஸ்டெப் 1 வெறும் பாஸ்/ஃபெயில் ஆனதிலிருந்து ஸ்டெப் 2-வை இன்னும் கறாராகப் பார்க்கிறார்கள். ஃபில்டரில் அடிபட்ட விண்ணப்பத்தைப் பெரும்பாலும் யாரும் திறப்பதே இல்லை. அதற்கும் நீங்கள் பணம் கட்டியிருப்பீர்கள். 2024-25 சீசனில், விண்ணப்பங்களை அனுப்பும் பொதுத் தளமான ஈராஸின் கட்டணம் முதல் 30 விண்ணப்பங்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். 150 போட்டால் 3,930 டாலர். நம் ஊர்க் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும்.

இந்த நிலை வரக் காரணம் பயம். 2020-ல் இன்டர்வியூ எல்லாம் வீடியோவுக்கு மாறியதும் பயணச் செலவு போய்விட்டது. நல்ல மதிப்பெண் உள்ளவர்களால் நிறைய இன்டர்வியூக்களைச் சிரமமில்லாமல் ஏற்க முடிந்தது. மற்றவர்கள் பயந்து இன்னும் அதிகமாக விண்ணப்பித்தார்கள், புரோகிராம்கள் ஃபில்டரை இன்னும் இறுக்கின. இரு தரப்பும் தரும் விருப்ப வரிசைகளை (ரேங்க் லிஸ்ட்) பொருத்திப் பார்த்து இடம் ஒதுக்கும் 'மேட்ச்' நன்றாக வடிவமைத்த முறைதான். அதன் இன்றைய வடிவத்தை உருவாக்கிய ஆல்வின் ராத்துக்கு 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஆனால் அது ரேங்க் லிஸ்ட் போட்ட பிறகுதான் வேலை செய்யும். யாரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவது என்ற கட்டத்தில் அதற்கு வேலையே இல்லை. நெரிசல் முழுக்க அங்கேதான்.

அதைக் குறைக்கத்தான் சிக்னல் வந்தது. 'உங்கள் இடம் எனக்கு உண்மையிலேயே வேண்டும்' என்று குறிப்பிட்ட சில புரோகிராம்களுக்கு மட்டும் சொல்லும் வழி. பொருளாதார முனைவர்களின் வேலைச் சந்தையில் 2006 முதலே ஆளுக்கு 2 சிக்னல் உண்டு. மருத்துவத்தில் முதலில் கொண்டுவந்தது இஎன்டி, 2020-21-ல் ஆளுக்கு 5. ஆர்த்தோ 2022-23-ல் ஒரேயடியாக 30 கொடுத்தது. அங்கே சிக்னல் இல்லாத இடத்திலிருந்து அழைப்பு வருவது அபூர்வம் என்பதால், அந்த 30 கிட்டத்தட்ட உச்சவரம்பு மாதிரி ஆகிவிட்டது. இன்டர்னல் மெடிசினில் 2024-25-ல் 3 கோல்ட் (மிக அதிகம் விரும்பும் இடங்களுக்கு), 12 சில்வர் (அடுத்த நிலை இடங்களுக்கு).

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஒவ்வொரு புரோகிராமின் தளத்திலும் இப்போதைய ரெசிடென்ட்கள் பட்டியலைப் பாருங்கள். வெளிநாட்டில் படித்தவர்கள் ஒருவர்கூட இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். விசா ஸ்பான்சர் செய்கிறார்களா, படிப்பு முடித்த வருடத்துக்கு வரம்பு இருக்கிறதா என்று மெயில் போட்டுக் கேளுங்கள். கோல்ட் சிக்னலைப் பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களுக்குச் செலவழிக்காமல், இந்த வடிகட்டலில் தேறிய இடங்களுக்கு வையுங்கள். நீங்கள் ரொட்டேஷன் (குறுகிய காலப் பயிற்சி) செய்த இடமாக இருந்தாலும் சிக்னல் கொடுங்கள். அவர்களுக்கே தெரியும் என்று விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்க மாணவர் போடும் எண்ணிக்கை உங்களுக்குப் போதும் என்று நான் சொல்லவில்லை. 2025 மேட்ச்சில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் 100-க்கு 58 பேருக்குத்தான் இடம் கிடைத்தது. அதனால் அலசித் தேர்ந்த பட்டியல் 80-ஐத் தாண்டினால் தாண்டட்டும். அலசாமல் சேர்த்த 150-ஐத்தான் வேண்டாம் என்கிறேன்.

புரோகிராம்கள் தங்கள் ஃபில்டரை அப்படியே தளத்தில் போட்டுவிட்டால் இந்த அலசலில் பாதி தேவைப்படாது. எங்கள் குழுவில் இதைத் தொடர்ந்து வலியுறுத்துகிறேன். எடுபடாத ஒரு விண்ணப்பத்துக்கு 30 டாலர் வாங்குவதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.