இரண்டு வருஷம் என்றவரும் எழுபது வருஷம் என்றவரும்

கேள்வி: எனக்கு வயது 26. பெரம்பூரில் வீடு, ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. "உண்மை என்பது அவரவர் மனசைப் பொறுத்தது" என்கிறார்கள் ஆபீஸ் நண்பர்கள். வீட்டிலோ அம்மா தினமும் தீர்க்கதரிசன வீடியோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஏதாவது கேட்டால் "அவிசுவாசம்" என்கிறார். இந்த வருஷத்துக்கான கர்த்தரின் வாக்காக எனக்கு அட்டையில் கிடைத்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11. நான் எதைப் பிடித்துக்கொள்வது?
- வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரி, சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் இல்லை. பவுலே வந்து பிரசங்கித்தபோதும், அவர் சொன்னது சரிதானா என்று பெரோயா ஊரார் தினமும் வேதத்தை ஆராய்ந்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களைப் பாராட்டவே செய்கிறது.

உங்கள் வாக்குத்தத்த அட்டையிலிருந்தே தொடங்குங்கள். அந்த ஒரு வசனத்தோடு நிற்காமல் 28, 29 இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசியுங்கள். ஜனங்களில் ஒரு பகுதியைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போயிருந்த காலம். ஆலயத்தில் எல்லார் முன்னாலும், கர்த்தரின் பெயரைச் சொல்லியே, "இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள்" என்றான் அனனியா என்ற தீர்க்கதரிசி. கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியாவோ பாபிலோனில் இருந்தவர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் எழுபது வருஷம் என்று எழுதினார். உங்கள் வசனத்துக்கு முந்தைய வசனமே அதுதான். ஊரைத் திரும்பப் பார்க்காமலே கண்மூடப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் கர்த்தர் உங்கள் வசனத்தில் சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிச் சொன்னார். இதைத் தெரிந்து வாசிக்கும்போது அந்த வசனம் எனக்கு இன்னும் கனமாகத் தெரிகிறது. இந்த வருஷ ப்ரமோஷனுக்குள் அதை அடக்கிவிட மனசு வராது.

இருவர் சொன்னதும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது, பாருங்கள். இரண்டு வருஷம் போனது, யாரும் திரும்பவில்லை. ஆபீஸில் இதற்காக வாதாட வேண்டாம். பாபிலோன் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்று அதே கடிதத்தின் 7-ஆம் வசனம் சொல்கிறது. அதனால் நண்பர்களோடு சேர்ந்து சாப்பிடுங்கள், அவர்கள் கஷ்டத்தில் கூட நில்லுங்கள். டைம்ஷீட்டில் செய்யாத வேலைக்கு மணிக்கணக்கு எழுதச் சொன்னால் மட்டும் முடியாது என்று சொல்லுங்கள். அவரவர் உண்மை என்ற பேச்சு அங்கே செல்லாது என்பது அவர்களுக்கே புரியும்.

அம்மா விஷயத்தில்தான் நிதானம் அதிகம் வேண்டும். அனனியா பேசியதும் எரேமியா முதலில் சொன்னது என்ன தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அந்த நல்லது நடக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. அப்புறம்தான், சொன்னது நிறைவேறும்போதே அவன் கர்த்தர் அனுப்பினவன் என்று தெரியும் என்றார். நீங்களும் அம்மாவின் ஆசைக்கு முதலில் ஆமென் சொல்லுங்கள். பிறகு, போன வருஷம் அதே ஊழியர் சொன்னது நடந்ததா என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். வீடியோவின் முடிவில் காணிக்கைக்கு க்யூஆர் கோடு வந்தால் மீகா 3:11-ஐயும் திறந்து காட்டுங்கள். பணத்துக்குக் குறிசொல்லும் தீர்க்கதரிசிகளைப் பற்றியது அது.

இன்றைக்கே குடும்ப ஜெபத்தில் எரேமியா 28-ஐ அம்மாவையே வாசிக்கச் சொல்லுங்கள். பதினேழு வசனங்கள்தான்.