சிங்கப்பூரில் கோடை ஏது? விடுமுறைக்கால ஆய்வுத் திட்டங்கள் பற்றிய கேள்விகளும் பதில்களும்

பூமத்திய ரேகையிலிருந்து ஒரு பாகை தள்ளி இருக்கும் ஊரில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனாலும் ஆண்டுதோறும் 'கோடைத் திட்டம்' பற்றிய கேள்விகள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. இங்கே அந்தச் சொல்லுக்கு மே தொடக்கம் முதல் ஜூலை இறுதிவரை என்று பொருள். பல்கலைக்கழகங்களில் இரண்டாம் பருவத் தேர்வுகள் முடிந்து, ஆகஸ்ட்டில் புதிய கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்பு கிடைக்கும் இடைவெளி அது. பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் குறுகியகால ஆய்வு மாணவர்களின் விண்ணப்பங்களைப் பல ஆண்டுகள் படித்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலான கேள்விகள் மே மாதத்தில் வருகின்றன. ஜனவரியில் வந்திருந்தால் பாதிப் பதில்கள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

மகள் தொடக்கக் கல்லூரி (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) முதலாண்டு படிக்கிறாள். புகழ்பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் மூன்று வார ஆய்வுத் திட்டம் என்று ஒரு நிறுவனம் கையேடு அனுப்பியிருக்கிறது. கட்டணம் ஒன்பதாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), விமானச் செலவு தனி. பல்கலைக்கழக இடம் கிடைக்க உதவுமா? (ஒரு தாயார், செங்காங்)

கையேட்டை இன்னொரு முறை படியுங்கள் அம்மா. 'பல்கலைக்கழக வளாகத்தில்' என்று இருக்கிறதா, 'பல்கலைக்கழகம் நடத்தும்' என்று இருக்கிறதா? இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் ஒன்பதாயிரம் வெள்ளி இருக்கிறது. விடுமுறையில் காலியாகக் கிடக்கும் வகுப்பறைகளையும் விடுதிகளையும் பல பல்கலைக்கழகங்கள் வாடகைக்கு விடுகின்றன. வாடகைக்கு எடுத்தவர் நடத்தும் வகுப்புக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் வேறு உறவு இருக்க வேண்டியதில்லை. திருமண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர் மண்டபத்துக்காரருக்குச் சொந்தக்காரராகிவிடுவதில்லையே!

மூன்று செய்திகளைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சான்றிதழில் கையெழுத்திடுவது யார்? பாடத்துக்குக் கடன்புள்ளி (கிரெடிட்) உண்டா, அது பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலில் ஏறுமா? உங்கள் மகளுக்கு வழிகாட்டப்போகிறவர் பெயர் என்ன? பெயர் கிடைத்தால் அந்தப் பல்கலைக்கழகத் துறையின் பக்கத்தில் தேடிப் பாருங்கள். 'தேர்வானபின் அறிவிப்போம்' என்று பதில் வந்தால் கையேட்டை மடித்து வைத்துவிடலாம்.

எல்லாக் கட்டணத் திட்டங்களும் ஏமாற்று என்று சொல்லவில்லை. பெரிய பல்கலைக்கழகங்கள் தாங்களே நடத்தும் கோடை வகுப்புகளும் உண்டு. பாடம் நன்றாகவே இருக்கும். ஆனால், பணம் கட்டினால் சேரலாம் என்ற இடத்தில் சேர்ந்ததைச் சேர்க்கை அதிகாரி ஒரு சாதனையாகக் கணக்கில் வைப்பதில்லை. உண்மையிலேயே கடினமான திட்டங்கள் பல இலவசம். 1984இல் தொடங்கி, இப்போது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வு அறிவியல் பயிலகம் ஆறு வாரம் நீளும், பயிற்சிக் கட்டணம் கிடையாது. அதில் இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

அதைவிட முக்கியமாக, வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தீர்களா? கல்வி அமைச்சுடன் சேர்ந்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நடத்தும் நன்யாங் ஆய்வுத் திட்டம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக அறிவியல் துறையோடு சேர்ந்த அறிவியல் ஆய்வுத் திட்டம், தற்காப்பு ஆய்வு நிறுவனங்களின் இளம் தற்காப்பு அறிவியலாளர் திட்டம் ஆகிய மூன்றும் உங்கள் மகள் வயதினருக்காகவே இருப்பவை. மூன்று வாரத்தில் முடியாது, மாதக்கணக்கில் நீளும். முடிவில் கையில் ஓர் ஆய்வறிக்கையும், வாய்ப்பிருந்தால் சிங்கப்பூர் அறிவியல் பொறியியல் கண்காட்சியில் நின்று பேசும் அனுபவமும் கிடைக்கும். பெற்றோர் விண்ணப்பத்தைவிடப் பள்ளி ஆசிரியரின் பேச்சுக்குத்தான் இங்கே மதிப்பு அதிகம். நாளைக் காலையே அவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

தேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. விடுமுறையில் நடக்கும் சிறப்புத் தவணையில் இரண்டு பாடங்களை முடித்துவிட்டு, கூடவே ஒரு பேராசிரியரிடம் ஆய்வும் செய்யலாம் என்று நினைக்கிறேன். முடியுமா? (மாணவர், சுவா சூ காங்)

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பல்கலைக்கழகத்தில் ஓர் அலகு என்றால் வாரத்துக்கு இரண்டரை மணி நேர உழைப்பு. நான்கு அலகுப் பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரம். பதின்மூன்று வாரத்துக்கு 130 மணி நேரம். சிறப்புத் தவணையின் ஒரு பகுதி ஏறக்குறைய ஆறு வாரம்தான். அதே 130 மணி நேரத்தை அதற்குள் அடைத்தால் வாரம் இருபத்தோரு மணி நேரத்துக்கு மேல் போகிறது. இரண்டு பாடங்களை ஒரே பகுதியில் எடுத்தால் நாற்பத்து மூன்று. அதுவே ஒரு முழுநேர வேலை. ஆய்வு எங்கே நுழையும்? இரவு பதினொரு மணிக்கா?

ஒரு பகுதியில் ஒரு பாடம் முடியுங்கள். மறு பகுதியை முழுதாக ஆய்வுக்குக் கொடுங்கள். கட்டணத்தையும் மறக்க வேண்டாம். சிறப்புத் தவணைப் பாடங்களுக்கு வழக்கமான பருவக் கட்டணத்தோடு சேராமல் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். அவசரம் இல்லையென்றால் இன்னொரு வழியும் உண்டு: ஒரு பருவமோ அதற்கு மேலோ நீளும் இளநிலை ஆய்வுத் திட்டங்கள். உங்கள் பல்கலைக்கழக அறிவியல் துறையில் அதை 'யூரோப்ஸ்' என்பார்கள், நன்யாங்கில் 'யுரேகா'. ஆய்வு என்பது ஊறவைத்து அரைக்க வேண்டிய மாவு. ஆறு வாரத்தில் ஊறும், புளிக்காது.

என் மகள் திருச்சியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. இரண்டு மாதம் சிங்கப்பூரில் ஆய்வுப் பயிற்சி பெற ஆசைப்படுகிறாள். அறுபது பேராசிரியர்களுக்கு எழுதினாள், ஒருவர்கூடப் பதில் போடவில்லை. அவளுடைய சித்தப்பா பீஷானில் இருக்கிறார், தங்க இடம் உண்டு. சுற்றுலா விசாவில் வந்துவிடலாமா? (ஒரு தந்தை)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். இந்தியக் குடிமக்களுக்கு இங்கே நுழையவே விசா வேண்டும். குறுகியகால வருகை அனுமதியில் இருப்பவர், அந்த அனுமதி முடிவதற்குள் அல்லது 30 நாளுக்குள், எது குறைவோ அதற்குள் முடிகிற வகுப்பில் மட்டுமே மாணவர் அனுமதி அட்டை இல்லாமல் சேரலாம். இரண்டு மாதம் அதில் அடங்காது. முறைப்படி ஏற்றுக்கொள்ளும் பல்கலைக்கழகம் அவளைப் பட்டம் சாராத ஆய்வு மாணவியாகப் பதிவு செய்து, குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்திடம் உரிய அனுமதிக்கு வழி செய்யும். அதற்கும் வாரங்கள் பிடிக்கும். 'சும்மா வந்து ஆய்வகத்தில் உட்காருங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் அவருக்கு நன்றி சொல்லி விலகிவிடுங்கள். பாதுகாப்புப் பயிற்சி முடிக்காதவரை ஆய்வகத்துக்குள் விடவே மாட்டார்கள். விபத்து நடந்தால் காப்புறுதியும் கைகொடுக்காது.

இப்போது அந்த அறுபது கடிதங்கள். என் அலுவலகத்துக்கு இப்படிப்பட்டவை மூட்டை மூட்டையாக வந்ததுண்டு. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கும், வாங்கியவர் பெண் பேராசிரியராக இருப்பார். ஒருமுறை ஒரு பேராசிரியருக்கு, பக்கத்து அறைக்காரரின் பெயர் போட்ட கடிதம் வந்தது. நகலெடுத்து ஒட்டும்போது பெயர் மாற்ற மறந்துவிட்டார் எழுதியவர், பாவம். 'உங்கள் மகத்தான ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டேன்' என்று எல்லாவற்றிலும் இருக்கும். எந்த ஆய்வு என்று எதிலும் இருக்காது.

அறுபது வேண்டாம், ஆறு போதும். ஒவ்வொருவரும் அண்மையில் வெளியிட்ட ஒரு கட்டுரையை மகள் முழுதாகப் படிக்கட்டும். புரியாத ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளட்டும். கடிதத்தில் அந்த இடத்தைப் பற்றி இரண்டு வரி, தனக்கு என்ன செய்யத் தெரியும் என்று மூன்று வரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வர முடியும் என்று ஒரு வரி, செலவை யார் ஏற்பது என்று ஒரு வரி. மதிப்பெண் பட்டியலை இணைக்கலாம், பள்ளிப் பேச்சுப்போட்டிச் சான்றிதழ்கள் வேண்டாம். பேராசிரியருக்கு நேரமில்லாவிட்டால் அந்த ஆய்வுக்குழுவின் முனைவர் பட்ட மாணவருக்கோ முதுமுனைவர் ஆய்வாளருக்கோ எழுதலாம். அன்றாடம் உடன் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் போகிறவர் அவர்தான்.

பேராசிரியரைத் தனியாகத் தேடாமல் அமைப்பு வழியாக வரவும் வழி இருக்கிறது. அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு அமைப்பு என்ற 'ஏ ஸ்டார்', வெளிநாட்டு இளநிலை மாணவர்களுக்கு 'சிப்கா' என்ற விருதை வழங்குகிறது. மாத உதவித்தொகையோடு, குறைந்தது இரண்டு மாதம் அதன் ஆய்வுக்கூடங்களில் வேலை செய்யலாம். அவற்றில் பல, புவன விஸ்தா பக்கம் உள்ள பயோபொலிஸ், பியூஷனோபொலிஸ் கட்டடங்களில் இருக்கின்றன. சித்தப்பா வீட்டிலிருந்து வட்டப்பாதை ரயிலில் ஏறினால் மாறாமல் ஒன்-நார்த் நிலையத்தில் இறங்கிவிடலாம். மேல்சட்டை ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். வெளியே வேகும், உள்ளே நடுங்கும்.

மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியை முடித்துவிட்டு, கட்டாய தேசிய சேவைக்குக் காத்திருக்கிறான். எட்டு வாரம் வெளிநாட்டு ஆய்வுத் திட்டத்துக்குப் போனால் வெளியேறும் அனுமதி வேண்டுமா?

சேவைக்கு முந்தைய நிலையில் இருப்பவர்களுக்கு, மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளியே தங்கினால்தான் அது தேவை. எட்டு வாரம் அதற்குள் வருகிறது. ஆனால், தேசிய சேவையில் சேர வேண்டிய தேதி கைக்கு வந்தபிறகு விமானச்சீட்டு வாங்குங்கள், முன்பு அல்ல.

எல்லாரும் ஆய்வகம் ஆய்வகம் என்கிறார்கள். நான் தமிழும் வரலாறும் படிப்பவள். எங்களுக்குக் கோடையில் என்ன இருக்கிறது? (மாணவி, ஜூரோங் வெஸ்ட்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

உங்கள் ஆய்வகம் விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கிறது. தேசிய நூலகத்தின் பதினோராவது மாடியில் சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்பு. யாருடைய அனுமதிக் கடிதமும் வேண்டாம், கட்டணமும் இல்லை. 1887இல் மகுதூம் சாயபு தொடங்கிய 'சிங்கை நேசன்' இதழை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இதழின் முதல் சில ஆண்டுகள். விளம்பரங்களை மட்டும் படித்தாலே ஆறு வாரம் போதாது. எந்தக் கடை எதை விற்றது, கப்பல் என்றைக்குப் புறப்பட்டது, யார் யாரைத் தேடினார்கள் என்பதிலிருந்து ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி எழும்.

முதியவர்களைப் பேட்டி காண ஆசை என்றால் ஓர் எச்சரிக்கை. மனிதர்களிடம் தகவல் திரட்டும் ஆய்வுக்குப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மே மாதம் விண்ணப்பித்தால் விடுமுறை அதிலேயே கரைந்துவிடும். பிப்ரவரியில் தொடங்குங்கள். இல்லையென்றால் பிறர் ஏற்கெனவே எடுத்து வைத்த பேட்டிகளைக் கேளுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979இல் தொடங்கியது. தமிழில் பேசிய குரல்களும் அதில் இருக்கின்றன. ஒரு பேட்டியை வரி பிசகாமல் எழுத்தில் இறக்கிப் பாருங்கள். அந்தக் காலத்துப் பேச்சில் மலாய்ச் சொல் எங்கே நுழைகிறது என்று காது பழகிவிடும்.

வெளியூர் போக வேண்டுமென்றால் புதுச்சேரி. அங்குள்ள பிரெஞ்சுத் தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளி, செவ்வியல் தமிழ்க் கோடைக் கருத்தரங்கைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறது. பல நாட்டவர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சங்கப் பாட்டைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிப்பார்கள். தாய்மொழிதானே என்று அலட்சியமாகப் போகிற நமக்கு முதல் நாளே நாக்கு உலர்ந்துவிடும். இந்த ஆண்டுத் தேதிகளை அவர்களிடமே கேட்டு, ஆகஸ்ட்டில் உங்கள் பருவம் தொடங்குவதோடு மோதுகிறதா என்று பாருங்கள். உங்கள் பேராசிரியருக்கு ஒரு பக்கத் திட்டம் எழுதிக் கொடுத்தால் பயண உதவி பற்றி அவர் யோசிப்பார். வெறுங்கையோடு போய்க் கேட்டால் 'நல்ல யோசனை' என்பதோடு நின்றுவிடுவார்.

போன விடுமுறையில் பத்து வாரம் உழைத்து, தரவையெல்லாம் ஒழுங்குபடுத்தினேன். கட்டுரை வெளிவந்துவிட்டது. என் பெயர் நன்றியுரையில் மட்டும் இருக்கிறது. இது அநியாயம் இல்லையா? (பெயர் வேண்டாம்)

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் கருத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்றல். நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். இல்லாதவருக்கு நன்றியுரை. பிற துறைகளில் வழக்கம் சற்று மாறுபடும்.

சொல்லப்படும் வேலையைச் செய்து, அட்டவணையில் நிரப்பியது மட்டும் என்றால் நன்றியுரை நியாயமே. ஆனால் பகுப்பாய்வை நீங்களே வடிவமைத்தீர்கள், வரைவைக் கண்ணில் காட்டவே இல்லை என்றால் கதை வேறு. முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு வரைவைப் படிக்க வாய்ப்பே தராமல் தவிர்த்துவிட்டு, அவர் படிக்கவில்லையே என்று காரணம் சொல்லக்கூடாது என்பதையும் அதே குழு சொல்கிறது. குற்றச்சாட்டாக இல்லாமல் கேள்வியாக எழுதுங்கள்: 'என் பங்கு எந்த அடிப்படையில் மதிப்பிடப்பட்டது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.' அடுத்த முறை இந்தப் பேச்சை முதல் வாரமே பேசிவிடுங்கள். கூச்சமாக இருக்கும். பத்தாவது வாரத்தில் இன்னும் கூச்சமாக இருக்கும்.

ஆய்வகத்தில் ஆறு வாரமும் குப்பி கழுவியதுதான் மிச்சம், மூன்று முறை செய்த சோதனையும் தோற்றுவிட்டது என்கிறான் பையன். பணமும் நேரமும் வீணா? (தந்தை, உட்லண்ட்ஸ்)

மூன்றாவது முறை ஏன் தோற்றது என்று கேட்டுப் பாருங்கள். 'தெரியாது' என்றால் வீண்தான். வெள்ளைத்தாளை எடுத்துப் படம் போட்டு விளக்க ஆரம்பித்தால், சாப்பாட்டைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு உட்காருங்கள்.