பிரிட்ஜெட் எதை எதிர்க்கிறாள்?

வணக்கம் சார்,

குற்றமும் மோகமும் கலந்த இருண்ட ‘நுவார்’ படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘தி லாஸ்ட் செடக்‌ஷன்’ (1994) தேடிப் பார்த்தேன். ஒரே மூச்சில் பார்க்க வைக்கிற படம். ஆனால் நாயகி பிரிட்ஜெட்டைக் கலகக்காரி என்று நீங்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. புருஷன் கைநீட்டினான், அவன் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதுவரை சரி. அப்புறம் வருகிற மைக் அவளுக்கு என்ன கெடுதல் செய்தான், அவள் பின்னால் சுற்றியதைத் தவிர? அவன் தலையில் கொலையையும் பலாத்காரத்தையும் கட்டி ஜெயிலுக்கு அனுப்புவது என்ன கலகம்? இயக்கியவர், எழுதியவர் இருவரும் ஆண்கள். பெண்ணை நம்பினால் குடி முழுகிவிடும் என்ற பழைய பயத்துக்குப் புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. மைக்கின் மனைவி ட்ரிஷ் விஷயத்தில் படத்தின் மேலேயே வெறுப்பு வந்தது. ‘ஆரண்ய காண்டம்’ சுப்புவையும் நாம் இப்படித்தான் கொண்டாடினோம். தப்பித்துப் போகிறவள் எல்லாரும் கலகக்காரியா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. தப்பிப்பதுதான் கலகம் என்றால் பிரிட்ஜெட்டைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. 1981-இல் வந்த ‘பாடி ஹீட்’டிலேயே நாயகி மேட்டி எல்லாரையும் கவிழ்த்துவிட்டு ஏதோ ஒரு கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறாள். தப்பிக்க முடியாமல் இருந்தது அதற்கு முந்தைய காலத்துப் பெண்கள்தான். அதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஹாலிவுட்டில் 1934 முதல் கறாராக அமலான தணிக்கை விதிகளின்படி குற்றம் செய்தவர் தண்டனை பெற்றே ஆக வேண்டும். 1968-இல் அந்த விதிகள் போய் வயதுவாரியான தரச்சான்று வந்தது. அதற்குப் பிறகு ஃபெம் ஃபேட்டல், அதாவது ஆணை மயக்கிக் கவிழ்க்கும் நாயகி, சாகாமல் இருப்பது எழுத்தாளரின் விருப்பம், அவ்வளவுதான். அதில் வீரம் ஒன்றும் இல்லை.

நான் அவளைக் கலகக்காரி என்று சொன்னது வேறு காரணத்துக்காக. அதைச் சொல்ல அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். இனிமேல் எல்லாப் படத்தின் முடிவையும் உடைக்கப் போகிறேன், படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

‘டபுள் இண்டெம்னிட்டி’ 1944-இல் வந்தது. பில்லி வைல்டர் இயக்கம், அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர் ரேமண்ட் சாண்ட்லர், மூலக்கதை ஜேம்ஸ் எம். கெய்னுடையது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் வால்டர் நெஃப் தோளில் குண்டடி பட்ட நிலையில் நள்ளிரவில் ஆபீசுக்கு வருகிறான். குரலைப் பதியும் டிக்டாஃபோனை எடுத்து, கம்பெனியின் இழப்பீட்டுப் பிரிவு மேலாளர் கீஸுக்கு வாக்குமூலம் பதிகிறான். பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் அவள் கணவனைக் கொலை செய்தேன், இரண்டும் கிடைக்கவில்லை என்கிறான். அங்கிருந்து படம் முழுக்க அவன் குரல்தான். அந்தப் பெண் ஃபிலிஸை நாம் முதலில் பார்ப்பது மாடியில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்பவளாக. அடுத்து கேமரா போவது படியிறங்கும் அவள் கால் சங்கிலிக்கு. ஏனென்றால் நெஃப் பார்த்தது அதைத்தான். கடைசியில் அவனை ஒருமுறை சுட்டுவிட்டு இரண்டாவது குண்டைச் சுடாமல் நின்றுவிடுகிறாள். ஏன் என்று கேட்டால், இந்த நிமிஷம் வரை உன்னை நான் நேசித்ததே இல்லை என்கிறாள். அவன் நம்பவில்லை, சுட்டுவிடுகிறான். அவள் சொன்னது பொய்யா நிஜமா என்று நமக்கு எப்போதுமே தெரியப்போவதில்லை. அவளுக்கு ஒரு டிக்டாஃபோன் கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?

அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு நிஜ வழக்கு இருக்கிறது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 1927-இல் ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணும் அவளுடைய காதலன் ஜட் கிரேயும் சேர்ந்து அவள் கணவனைக் கொன்றார்கள். இரட்டிப்பு இழப்பீட்டு ஷரத்தோடு இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருந்தாள். 1928 ஜனவரியில் சிங் சிங் சிறையில் இருவரையும் ஒரே இரவில் மின்சார நாற்காலியில் கொன்றார்கள். ‘டெய்லி நியூஸ்’ பத்திரிகைக்காக ஒருவர் கணுக்காலில் கேமராவைக் கட்டி மறைத்துக்கொண்டு போய் எடுத்த படம் மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. அவள் நாற்காலியில் இருக்கும் படம். ஜட் கிரேயும் அன்று இரவு அதே நாற்காலியில்தான் செத்தான், அவனை யாருக்கு நினைவிருக்கிறது? கொலைகாரிதான் செய்தி, கூட்டாளி அடிக்குறிப்பு.

இந்தப் பின்னணியோடு பிரிட்ஜெட்டைப் பாருங்கள். படத்தில் பின்னணிக் குரலே கிடையாது. ஜான் டால் இயக்கம், எழுதியவர் ஸ்டீவ் பரன்சிக், லிண்டா ஃபியோரென்டினோ பிரிட்ஜெட். தொலைபேசியில் பொருள் விற்கும் கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து போன் பேசுகிறார்கள், அவள் நடுவில் உலாத்திக்கொண்டே அவர்களை வறுத்தெடுக்கிறாள். கணவன் கிளே மருத்துவக் கொக்கைனை விற்று ஏழு லட்சம் டாலர் கொண்டுவருகிறான். இவ்வளவு பணத்தோடு தெருவில் நடந்து வந்தாயா முட்டாளே என்று கேட்டதற்கு ஓர் அறை. அவன் குளிக்கப் போன நேரத்தில் பணத்தோடு கிளம்பிவிடுகிறாள். கந்துவட்டிக்காரனுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் அவனுக்குக் கட்டைவிரல் உடைகிறது.

பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் பெஸ்டன் என்ற சின்ன ஊர். அங்கே மது விடுதியில் மைக் வந்து வழிகிறான், தன் ஆண்மையைப் பற்றிப் பீற்றுகிறான். அவள் கூச்சப்படவில்லை, கோபப்படவும் இல்லை. உட்கார் என்று எதிரில் உட்கார வைத்து, மேஜைக்கு அடியில் கையை விட்டுச் சோதித்துப் பார்க்கிறாள், சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற நிதானத்தோடு. கூடவே கேள்விகள் வேறு. ஐம்பது வருஷமாக நுவார் படங்களில் ஆண் பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தப் பார்வைக்கு விடுதி மேஜையில் கணக்கு தீர்க்கிறார்கள். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இன்னொன்று, மைக் வீட்டில் பாட்டி செய்து வைத்த ‘ஆப்பிள் பை’ என்ற பலகாரத்தில் அவள் சிகரெட்டை அணைப்பது. அதற்கு எந்த விளக்கமும் தேவையில்லை.

அவள் ஏன் இப்படி ஆனாள் என்று படம் எங்குமே சொல்வதில்லை. சின்ன வயதில் அடி வாங்கினாள், அப்பா குடிகாரர் என்ற வகையறா கிடையாது. நம் சினிமாவில் ஒரு பெண் கெட்டவளாக இருக்க வேண்டுமென்றால் குறைந்தது பத்து நிமிஷ ஃப்ளாஷ்பேக் வேண்டும்! அந்த அறையைக்கூட அவள் காரணமாகச் சொல்லிக்கொள்வதில்லை, சமயம் வரும்போது அதையும் செலவழிக்கிறாள்.

அடுத்து அந்த முடிவு. கேஹில் என்ற வக்கீலைக் கொல்லும்படி மைக்கை நியூயார்க்குக்கு அனுப்புகிறாள். அது அவள் கணவன் வீடு என்று மைக்குக்குத் தெரியாது. அழைப்புமணிக்குப் பக்கத்தில் கேஹில் என்று எழுதிய சின்னச் சீட்டை அவளே ஒட்டி வைத்திருக்கிறாள். கட்டிப் போடப்பட்ட கிளே விஷயத்தை மைக்குக்குப் புரிய வைத்துவிடுகிறான். உடனே அவள் வந்து பெப்பர் ஸ்ப்ரேயைக் கிளேயின் வாய்க்குள் அடித்துக் கொல்கிறாள். பிறகு மைக்கைச் சீண்டிச் சீண்டித் தன்மேல் பாய வைத்து, கொலையும் நான்தான் செய்தேன் என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறாள். ரிசீவர் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, எதிர்முனையில் அவசர உதவி எண்ணான 911 கேட்டுக்கொண்டிருக்கிறது. ஜெயிலில் வக்கீல், ஏதாவது ஒரு ஆதாரம் இருக்கிறதா என்று மைக்கிடம் கேட்கிறார். அவனுக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வருகிறது. அதே சமயம் லிமோசினில் போய்க்கொண்டிருக்கும் பிரிட்ஜெட் அதைக் கொளுத்துகிறாள்.

நெஃப்பும் மைக்கும் ஒரே ஆள்தான். மோகத்தில் ஒரு பெண்ணுக்காகக் கொலை வரை போனவர்கள். நெஃப்புக்கு டிக்டாஃபோன் கிடைத்தது, கேட்க கீஸ் இருந்தார், கூடவே நாமும் இருந்தோம். மைக்கின் வாக்குமூலமும் போன் வழியாகப் பதிவாகிறது, ஆனால் அதை எழுதியது அவள். உண்மையான கதை அவனிடம் இருக்கிறது, நம்ப ஆள் இல்லை. ‘எனக்கு நடந்தது இது’ என்று சொல்லியும் யாரும் நம்பாத இடத்தில் காலங்காலமாக யார் நின்றார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தில் ஒரு ஆணைக் கொண்டுபோய் நிறுத்தினாள் பாருங்கள், அதைத்தான் கலகம் என்றேன்.

சுப்பு விஷயத்திலும் எனக்கு முக்கியமாகப் படுவது அவள் தன் காதலன் சப்பையைச் சுட்டதோ பணத்தோடு போனதோ அல்ல. அத்தனை ஆண்கள் நாள் முழுக்க வெட்டிக்கொண்டும் வசனம் பேசிக்கொண்டும் இருந்த படத்தில் கடைசியாகக் கேட்கும் குரல் அவளுடையது.

இனி உங்கள் புகார்களுக்கு வருகிறேன். ட்ரிஷ் பற்றி நீங்கள் சொன்னது சரி. மைக் பஃபலோவில் அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டது ஒரு திருநங்கையை, அந்த அவமானத்தை மறைக்கத்தான் ஊர் திரும்பினான் என்பதை படம் ஒரு அதிர்ச்சி வெடியாக வைக்கிறது. ட்ரிஷ்ஷை ஒரு ஆளாக மதித்து ஒரு காட்சிகூட இல்லை. கிளே அனுப்பிய துப்பறிவாளர் ஹார்லனின் கதையும் அப்படியே. அவர் கறுப்பினத்தவர். காரில் அவரைச் சீண்டி சீட் பெல்ட்டைக் கழற்ற வைத்து, காரைக் கொண்டுபோய் மோதுகிறாள். ஏர்பேக் அவள் பக்கம் மட்டும். அவர் தன்னிடம் அசிங்கமாக நடந்துகொண்டார் என்று வெள்ளைக்காரச் சிற்றூர்ப் போலீஸிடம் சொல்கிறாள், உடனே நம்புகிறார்கள். ஊரின் இனவெறி, ஊரின் கூச்சம் எல்லாமே அவளுக்குச் சரக்கு. எதையும் அவள் மாற்ற நினைப்பதில்லை. முதல் காட்சியில் எந்த வேலை பார்த்தாளோ அதையேதான் கடைசிவரை பார்க்கிறாள்: எதிராளியின் பலவீனம் தெரிந்து விற்பது. இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, கள்ளத்தொடர்பு உள்ள புருஷர்களைக் கடன் விவரங்களை வைத்துக் கண்டுபிடித்து அவர்களின் மனைவிமாருக்குக் கொலையை விற்கலாம் என்று திட்டம் போடுகிறாளே, அதைவிடக் கெட்டிக்கார முதலாளித்துவ மூளை உண்டா? ஆகவே, இது ஒற்றை ஆளின் கலகம். இன்னொரு பெண்ணுக்கு அதில் காலணா லாபம் கிடையாது.

பொய்யான பலாத்காரப் புகார் என்பது எனக்கும் தொண்டையில் சிக்குகிறது. பெண்கள் புகார் கொடுத்தால் முதலில் சந்தேகப்படு என்று சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தப் படம் அல்வா. ஆனால் ஆண்கள் எழுதியதால்தான் இப்படி என்பதை நான் ஏற்கமாட்டேன். ‘கான் கேர்ல்’ (2014) படத்தின் மூல நாவல், திரைக்கதை இரண்டும் கில்லியன் ஃப்ளின் எழுதியவை. அதில் நாயகி ஏமி செய்வதும் இதேதான். முதல் பாதியில் நாம் கேட்கும் ஏமியின் குரல் அவள் ஜோடித்து எழுதிய டைரி. குரலைக் கைப்பற்றுவதையே ஃப்ளின் கதையின் இயந்திரமாக மாற்றிவிட்டார், அதில் நமக்கு ஒரு நல்ல பெண்ணையும் தரவில்லை.

இடையில் ஒரு வம்பு: ஃபியோரென்டினோவுக்கு நியூயார்க் விமர்சகர் வட்டம் அந்த வருஷத்தின் சிறந்த நடிகை விருதைக் கொடுத்தது. ஆஸ்காருக்கு அவர் பெயர் போகவே முடியவில்லை, தியேட்டருக்கு முன்னால் படம் ஹெச்.பி.ஓ. சேனலில் வந்துவிட்டதாம், விதி இடம் கொடுக்கவில்லை.

நீங்கள் தேடுவது இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு தப்பிக்கிறவளை என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ‘மேட்ரிக்ஸ்’ எடுத்த வச்சோவ்ஸ்கிகளின் முதல் படம் ‘பவுண்ட்’ (1996) பாருங்கள். மாஃபியாக்காரன் சீசரோடு வாழும் வயலட், அடுத்த வீட்டில் பிளம்பிங் வேலைக்கு வந்த கார்க்கி என்ற பெண்ணோடு சேர்ந்து மாஃபியா பணத்தைத் திருடுகிறாள். நுவார் பழகிய நமக்கு, வயலட் எந்த நிமிஷம் கார்க்கியைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்ற சந்தேகம் ஓடிக்கொண்டே இருக்கும். கார்க்கிக்கும் ஓடும். அவள் காட்டிக்கொடுப்பதில்லை. பார்த்துவிட்டு எழுதுங்கள், அந்தச் சந்தேகம் உங்களுக்கு எந்தக் காட்சியில் நின்றது என்று தெரிந்துகொள்ள ஆசை.